ஏர் ரைபிள்: பெல்லட் முதல் சிலிண்டர் வரை – வட சென்னை வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குண்டைப் பற்றியவை. ஏர் ரைபிள் என்றால் காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி, அதில் போடும் சிறிய ஈயக் குண்டுதான் பெல்லட். துப்பாக்கியைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் குண்டைப் பற்றியும் கேட்க ஆரம்பித்திருப்பது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. பேரல் (துப்பாக்கிக் குழல்) எத்தனை விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், உள்ளே போகும் குண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தால் குறி நிற்காது.

கேள்வி: என் அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவில் இருக்கிறார். மான் வேட்டைக்குக் கொண்டுபோகும் ரைபிளுக்குத் தோட்டாவை வீட்டு ஷெட்டிலேயே தயார் செய்கிறார். சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்துத் திரும்ப வெடிமருந்து நிரப்புகிறார். கடைத் தோட்டாவைவிட இது குறி தவறாது என்கிறார். ஊருக்கு வரும்போது தோட்டாவை அழுத்தித் தயார் செய்யும் பிரஸ் ஒன்று கொண்டுவரச் சொல்லி நானும் ஆரம்பிக்கலாமா?
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேண்டாம். ஆயுதச் சட்டம், 1959-இன் 5-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கையில் ரைபிள் லைசென்ஸ் இருந்தாலும், அது அதில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தோட்டா வாங்கி வைத்துக்கொள்ள மட்டும்தான். தயாரிப்பதற்கு அது செல்லாது. வேட்டையோ, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி இங்கே தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவில் அவருக்கு அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு உங்களுக்குத் திருவொற்றியூரில் வழக்காகிவிடும்.

ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பதைப் புரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும். ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. ஒருமுறை சுட்டதும் அந்தக் கூடு அந்த ரைபிளில் தோட்டா உட்காரும் அறைக்கு ஏற்றபடி விரிந்துவிடும். அவர் அதை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டுவிட்ட கழுத்தைச் சீவி, புதுப் பிரைமர் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை எல்லாவற்றிலும் ஒரே ஆழத்துக்கு இறக்குகிறார். கடைத் தோட்டா எல்லா ரைபிளுக்கும் பொருந்தும்படி செய்தது. அவருடையது அவருடைய ஒரு பேரலுக்கென்றே செய்தது. குறி தவறாததற்குக் காரணம் அதுதான். அதற்காக அவர் எடுக்கும் அபாயமும் சின்னதல்ல. ஒரு கூட்டில் மருந்து விழாமல் போனால் பிரைமரின் வேகத்தில் குண்டு பேரலுக்குள்ளேயே பாதியில் நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் வெடிக்கும்.

அவர் தேடும் அதே ஒருமைப்பாட்டை நீங்கள் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தேடலாம். ஆயுத விதிகள், 2016-இன்படி 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள், நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒருபடித்தான குண்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை இதிலும் உண்டு, அதைச் செய்ய மருந்தும் வேண்டாம், பிரஸ்ஸும் வேண்டாம்.

கேள்வி: என் மகள் கிளப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. சொந்தமாகப் பெல்லட் வாங்கச் சொல்கிறார்கள். டப்பாவில் 0.53 கிராம் என்றும் 4.49, 4.50, 4.51 என்றும் போட்டிருக்கிறது. எதை வாங்குவது?
— ஒரு தாய், பெரம்பூர்

பதில்: முதலில் வடிவம். தட்டைத் தலைப் பெல்லட்டைத்தான் வாங்க வேண்டும். கூர் முனை, உருண்டை முனை இரண்டும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், எங்கே பட்டது என்று அளக்க முடியாது. தட்டைத் தலை பஞ்சிங் மிஷின் போட்டதுபோல் வட்டமாக வெட்டும்.

எடையைப் பொறுத்தவரை, ரைபிளுக்கு 0.53 கிராம் அளவில் உள்ளது வழக்கம். 0.45, 0.49 கிராம் என்று வருபவை பெரும்பாலும் பிஸ்டலுக்கானவை. ரைபிளில் போட்டால் கெடுதல் இல்லை, சில பேரலில் அதுவே நன்றாகவும் போகும். ஆனால் ஆரம்பத்தில் 0.53-இலேயே நில்லுங்கள்.

4.49, 4.50 என்பது பெல்லட்டின் தலை விட்டம், மில்லிமீட்டரில். எது நல்லது என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது, எங்களாலும் முடியாது, அந்தப் பேரல்தான் சொல்ல வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் எண் கொண்ட இரண்டு ரைபிள்களில் ஒன்று 4.49-ஐயும் மற்றொன்று 4.51-ஐயும் விரும்பலாம். ஆகவே முதலில் 4.50-இல் ஒரு டப்பா வாங்குங்கள். கிளப்பில் மற்றவர்களிடம் 4.49, 4.51 இருந்தால் ஆளுக்கு 40 பெல்லட் மாற்றிக்கொண்டு சோதியுங்கள். மைக்ரோமீட்டரில் அளக்க முயல வேண்டாம். ஈயம் மெத்தென்று இருப்பதால் கருவியின் தாடை அழுத்தியே அளவைக் கெடுத்துவிடும்.

எல்லோரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: டப்பாவின் அடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் லாட் எண், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் எண். அதே பெயர், அதே எடை, அதே தலை அளவு என்றாலும் லாட் மாறினால் அச்சு மாறியிருக்கலாம். ஒரு லாட் நன்றாகப் போகிறது என்று தெரிந்ததும் அதே எண்ணில் கைக்கு முடிந்தவரை, நான்கைந்து டப்பாவாவது, சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒரு டப்பாவில் வழக்கமாக 500 இருக்கும். 60 ஷாட் போட்டியும் அதற்கு முன் குறியைச் சரிபார்க்கச் சுடும் சைட்டிங் ஷாட்டும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 80 முதல் 100 வரை போகும்.

பயிற்சிக்கு எல்லா நாளும் விலை உயர்ந்த மேட்ச் (போட்டிக்கான) பெல்லட் தேவையில்லை. நிற்கும் நிலை, மூச்சு, டிரிகர் இதெல்லாம் பழகும் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு நடுத்தரப் பெல்லட் போதும். ஆனால் அந்த ஆறு மாதமும் ஒரே வகையாக இருக்கட்டும்.

கேள்வி: ஒரே டப்பா, ஒரே லாட். ஒன்பது குண்டு ஒரே துளையில் போகிறது, பத்தாவது தனியாக 9-இல் போய் விழுகிறது. கோச் என் டிரிகரைக் குறை சொல்கிறார். எனக்குக் குண்டின் மேல் சந்தேகம்.
— வியாசர்பாடி மாணவர்

பதில்: இரண்டும் இருக்கலாம். குண்டின் மேல் உள்ள சந்தேகத்தை ஒரு மாலையில் தீர்த்துக்கொள்ளலாம், அதை முதலில் செய்யுங்கள்.

பெல்லட்டை அதன் ஒடுங்கிய நடுப்பகுதியில் பிடித்து, பின்பக்கம் உங்களைப் பார்க்கும்படி வெளிச்சத்தில் திருப்புங்கள். பின்னால் குடைபோல் விரிந்திருக்கும் மெல்லிய விளிம்புதான் ஸ்கர்ட். காற்று வந்து மோதும்போது இந்த விளிம்பு விரிந்து பேரலின் வரிகளில் கவ்விக்கொள்ள வேண்டும். அதில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் காற்று அந்தப் பக்கமாகக் கசியும். பேரலின் வாயை விட்டு வெளியேறும் கணத்தில் குண்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படும். தலையில் சின்னக் கீறல் இருந்தால்கூட அவ்வளவு கெடுதல் இல்லை, ஸ்கர்ட் நசுங்கல்தான் ஆளைக் கவிழ்க்கும். விளிம்பு முழு வட்டமா, உள்பக்கம் ஈயப் பிசிறு ஒட்டியிருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள்.

கண்ணுக்குத் தப்புவதைக் கண்ணாடி பிடிக்கும். பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடி ஒன்றை மேஜையில் வைத்து, ஒரு ஓரத்தின் அடியில் பென்சில் கொடுத்துச் சற்றே சரிவாக்குங்கள். மேல் ஓரத்தில் ஒரே இடத்தில் ஒவ்வொரு பெல்லட்டாகப் படுக்கவைத்து விடுங்கள். எவர்சில்வர் டம்ளரைத் தரையில் உருட்டினால் நேராகப் போகாமல் வளைந்து போகுமல்லவா, அதேபோல் பெல்லட்டும் வளைவாக உருண்டு கீழே வரும், தலையும் ஸ்கர்ட்டும் ஒரே விட்டம் அல்ல என்பதால். நல்லவை எல்லாம் ஒரே வளைவில் ஓடி ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஸ்கர்ட் நசுங்கியது தத்தித் தத்தி வரும், காதை அருகில் வைத்தால் கண்ணாடியில் தட்டும் ஓசை கேட்கும். வளைவு மாறிப் போவது தலையோ ஸ்கர்ட்டோ அளவு பிசகியது. இரண்டையும் தனி டப்பாவில் போட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழகிய கைக்கு நூறு பெல்லட் பார்க்க இருபது நிமிடம் ஆகும்.

இனி நசுங்கல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டப்பா பாதி காலியானதும் உள்ளே குண்டுகள் ஒன்றோடொன்று மோத ஆரம்பிக்கும். வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு எருக்கஞ்சேரி ஹை ரோட்டில் ஒரு நடை போய் வந்தால் போதும். காலி இடத்துக்கு அளவாக ஸ்பாஞ்சு வெட்டி மூடியின் உள்பக்கம் வைத்து அழுத்தி மூடுங்கள். கையில் கொட்டி எடுப்பது, சட்டைப் பையில் போடுவது இரண்டும் கூடாது. பேரலில் வைக்கும்போது கட்டைவிரல் நகத்தால் தள்ளினால் நகமே விளிம்பை மடக்கிவிடும், விரல் சதையால் தள்ளுங்கள்.

பொறுக்கிய குண்டிலும் பத்தாவது வெளியே போனால் கோச் சொன்னதைக் கேளுங்கள்.

கேள்வி: நகைத் தொழில் எங்களுக்கு. மில்லிகிராம் வரை காட்டும் தராசு கடையில் இருக்கிறது. பையனுக்காகப் பெல்லட்டை எல்லாம் நிறுத்துப் பிரித்துத் தரலாமா?
— சவுகார்பேட்டை வாசகர்

பதில்: தராசு உங்களிடம் இருப்பது நல்லது, ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கணக்கைப் பாருங்கள்.

ஒரு மேட்ச் ரைபிளில் குண்டு விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 10 மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் புவியீர்ப்பில் 18, 19 மி.மீ. கீழே இறங்கும். சைட்டை (குறிபார்க்கும் அமைப்பை) அதற்கேற்பவே வைத்திருக்கிறோம். இப்போது ஒரு குண்டு 0.530, மற்றொன்று 0.535 கிராம் என்று வையுங்கள். எடை 1 சதவீதம் கூடினால் வேகம் ஏறக்குறைய அரை சதவீதம் குறையும். இறக்கம் 1 சதவீதம் கூடும். அதாவது 0.2 மி.மீ.

டார்கெட்டில் 10-இன் புள்ளி வெறும் 0.5 மி.மீ. குண்டின் விளிம்பு அதைத் தொட்டாலே 10 என்பதால் குண்டின் மையம் 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் 10.0 கிடைக்கும். அந்த 2.5-ஐப் பத்தாகப் பிரித்துத்தான் 10.0 முதல் 10.9 வரை தருகிறார்கள். ஆகவே ஒவ்வொரு 0.1-உம் 0.25 மி.மீ. நீங்கள் நாள் முழுக்க நிறுத்துப் பிரித்து மிச்சப்படுத்துவது ஒரு ஷாட்டுக்கு 0.1-க்கும் குறைவு. நசுங்கிய ஸ்கர்ட் ஒன்றே ஒரு முழுப் புள்ளியைக் கொண்டுபோகும். லாட் மாறினால் 60 ஷாட்டிலும் கொண்டுபோகும்.

ஆனாலும் தராசுக்கு ஒரு வேலை உண்டு. புது டப்பா வாங்கியதும் 30 குண்டு எடுத்து நிறுத்துப் பாருங்கள். எல்லாம் 0.010 கிராம் வித்தியாசத்துக்குள் இருந்தால் அந்த டப்பாவை மேற்கொண்டு நிறுக்க வேண்டாம். 0.020-க்கு மேல் சிதறினால் அந்த லாட்டை வாங்காதீர்கள். தங்கம் நிறுக்கும் தட்டில் ஈயத்தை வைக்காமல் தனித் தட்டு வையுங்கள்.

கேள்வி: பெல்லட் சோதனையைச் சரியாகச் செய்வது எப்படி? சைஸ் வாரியாக ஐந்தைந்து ஷாட் போட்டுப் பார்த்தேன், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.
— மாதவரம் வாசகர்

பதில்: ஐந்து ஷாட் போதாது. ஐந்து எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

காற்றுச் சிலிண்டர் வைத்த மேட்ச் ரைபிள் என்றால் கிளப்பில் உள்ள வைஸில் பேரலை அல்லது ஆக்‌ஷனை (பேரலைத் தாங்கும் உலோகப் பகுதி) பிடித்து மாட்டுங்கள், ஸ்டாக்கை (தோளில் வைக்கும் கட்டைப் பகுதி) அல்ல. சிலிண்டரில் காற்றழுத்தம் 150 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் இருக்கட்டும். புது வகைப் பெல்லட்டுக்கு மாறியதும் முதல் 5 முதல் 10 ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், பேரலில் பழைய ஈயத்தின் மேல் புதியது படிந்து நிலைக்க அத்தனை ஆகும். பிறகு பத்து ஷாட் ஒரு குரூப், அப்படி மூன்று குரூப். ஷாட்டுக்கு ஷாட் வைஸைத் தொடக்கூடாது.

அளப்பதில் ஒரு நுணுக்கம். காகிதத் துளை 4.5-ஐவிடச் சற்றுச் சுருங்கித் தெரியும். அதனால் தனியாக ஒரு ஷாட் போட்டு அந்தத் துளையின் வெளி விட்டத்தை வெர்னியரில் எடுங்கள். குரூப்பின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை உள்ள அளவிலிருந்து அதைக் கழித்தால் மையத்துக்கு மையம் எத்தனை என்று வரும். அது 1 மி.மீ.க்குள் நின்றால் போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1.5 முதல் 2 வரை என்றால் பயிற்சிக்கு. மூன்று குரூப்பில் ஒன்று மட்டும் 0.6 காட்டி மற்ற இரண்டும் 2-ஐத் தாண்டினால் அந்த 0.6-ஐ நம்பி ஐந்து டப்பா வாங்காதீர்கள். மூன்றில் மோசமானதையே அந்தப் பெல்லட்டின் தரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் இல்லாமல், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனால் காற்றை நெரித்துச் சுடும் ஸ்பிரிங் ரைபிளை மட்டும் வைஸில் மாட்டாதீர்கள். பிஸ்டன் ஓடும்போது அது முன்னும் பின்னும் உதைக்கும், இறுக்கிப் பிடித்தால் கையில் பிடிக்கும்போது விழும் இடத்தில் விழாது. மணல் மூட்டை மேல் இடது உள்ளங்கையை வைத்து, அதன் மேல் ரைபிள் சும்மா கிடக்கட்டும். சுடுவதற்கு முன் ஸ்டாக் ஸ்க்ரூக்களை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். குரூப் திடீரென்று இரண்டாகப் பிரிந்து விழுந்தால் பத்தில் எட்டுத் தடவை தளர்ந்த ஸ்க்ரூதான்.

கேள்வி: சிலிண்டரில் காற்று நிரப்ப ஒவ்வொரு முறையும் கிளப்புக்கே ஓட வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. அங்கே உள்ள ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒரு அடாப்டர் போட்டு நிரப்பித் தருவதாக அண்ணன் ஒருவர் சொல்கிறார்.
— கொருக்குப்பேட்டை வாசகர்

பதில்: கூடவே கூடாது. தயவுசெய்து அவரிடமும் இதைக் காட்டுங்கள். ரைபிளின் வால்வு, ஓ-ரிங், ரெகுலேட்டர் எல்லாவற்றிலும் கிரீஸ் தடவியிருக்கும். உயர் அழுத்த ஆக்சிஜனில் கிரீஸும் ரப்பரும் பெட்ரோல்போல் பற்றும். வால்வைத் திறந்ததும் ஆக்சிஜன் வேகமாகப் புகுந்து நெரியும்போது எழும் சூடே அதற்குப் போதும், தனியாகத் தீப்பொறி வேண்டாம். உலோகச் சிலிண்டர் உங்கள் முகத்தருகே வெடிக்கும். பட்டறைக்காரர் தன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படாமல் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

பஞ்சர் கடை கம்ப்ரசரும் உதவாது. அது 10 பார் வரை தரும், உங்களுக்கு வேண்டியது 200.

வழி மூன்று: கிளப்பின் உயர் அழுத்தக் கம்ப்ரசர், ஸ்கூபா டேங்க் (கடலில் மூழ்குபவர்களின் காற்றுச் சிலிண்டர்), கைப்பம்ப். டேங்கிலிருந்து நிரப்பும்போது வால்வை மயிரிழையாகத் திறந்து, முள் மெதுவாக ஏறும்படி விடுங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி 200 காட்டும், ஆறியதும் 180-க்கு இறங்கிவிடும். மீட்டர் பழுதோ என்று பயப்பட வேண்டாம், மறுபடி கொஞ்சம் ஏற்றினால் சரி.

கைப்பம்ப் வாங்குவதானால் ஈரம் வடிகட்டும் அமைப்பு உள்ளதாகப் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் 30 டிகிரி வெயிலில், முக்கால் பங்கு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டருக்கு 22 கிராம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். 200 மி.லி. கொள்ளளவுள்ள சிலிண்டரை 200 பாருக்கு ஏற்ற 40 லிட்டர் காற்று தேவை. அதில் ஏறக்குறைய 1 கிராம் தண்ணீர், அதாவது 20 சொட்டு. ஒவ்வொரு முறையும் இதில் ஒரு பங்கு உள்ளே போனால் வால்வும் ரெகுலேட்டரும் துருப்பிடிக்கும். 50 அடி அடித்ததும் பம்பை ஆறவிடுங்கள். அடியில் உள்ள காற்று வெளியேற்றும் ஸ்க்ரூவை ஒவ்வொரு முறையும் திறந்துவிடுங்கள், தண்ணீர் பீச்சுவது கண்ணுக்கே தெரியும். மழைக்காலத்தில் மொட்டை மாடியில் நின்று அடிக்காமல், ஏசி ஓடி உலர்ந்த அறையில் அடித்தால் பாதி ஈரம் தானே குறையும்.

சிலிண்டரின் மேல் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். அது எத்தனை ஆண்டு செல்லும் என்பது கம்பெனியின் கையேட்டில் இருக்கும். கெடு முடிந்த சிலிண்டரைப் போட்டிப் பரிசோதனையில் நிறுத்திவிடலாம். பழைய ரைபிள் வாங்குகிறவர்கள் பேரலைப் பார்ப்பதற்கு முன் இந்தத் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: என் ஸ்பிரிங் ஏர் ரைபிள் சுட்டால் புகை வருகிறது, பட்டாசு மாதிரி சத்தம். நண்பர்கள் பவர் ஏறிவிட்டது என்கிறார்கள். தையல் மிஷின் எண்ணெய் விட்ட பிறகுதான் இப்படி.
— தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: உள்ளே எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் காற்றை நெரிக்கும்போது எழும் சூட்டில், டீசல் இன்ஜினில் நடப்பதுபோல, எண்ணெய்ப் படலம் பற்றிக்கொள்கிறது. வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும், குறி மேலும் கீழும் அலையும். தொடர்ந்தால் பிஸ்டன் சீல் கருகும், ஸ்பிரிங் ஒடியும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 எதையும் காற்றுத் துளையில் விடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: கனமான பெல்லட் போட்டு 30, 40 ஷாட் மெதுவாகச் சுட்டு எரிந்து தீரவிடுங்கள். காலியாகச் சுட வேண்டாம், குண்டு இல்லாமல் விட்டால் பிஸ்டன் நேராக ரைபிளுக்குள் இருக்கும் எதிர்ச் சுவரில் மோதும். அதற்குப் பிறகும் புகை நிற்கவில்லை என்றால் பிரித்துத் துடைக்க வேண்டும். அதை ஸ்பிரிங் கம்ப்ரசர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் கையை முறித்துவிடும்.

தோல் வாஷர் போட்ட பழைய மாடலுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. தோல் காய்ந்தால் காற்றைப் பிடிக்காது. கம்பெனி சொன்ன எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு, பேரலின் வாய் மேல் பார்த்தபடி ஒரு இரவு நிறுத்திவையுங்கள்.

பவர் குறைந்துவிட்டது என்ற சந்தேகத்துக்கு எண்ணெய் மருந்தல்ல. பேரல் மடங்கும் மூட்டின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை வைத்துச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் அந்த மூட்டிலுள்ள சீல் போயிருக்கிறது. சின்ன ரப்பர் வளையம்தான், மாற்றினால் முடிந்தது.

கேள்வி: அதிக பவர் உள்ள ரைபிள் வாங்கினால் ஸ்கோர் கூடுமா?
— எண்ணூர் வாசகர்

பதில்: கூடாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் வகையில் சுடும் மேட்ச் ரைபிள்கள் ஏழு, எட்டு ஜூல் அளவில்தான் இருக்கும். காகிதத்தைத் துளைக்க அது போதும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. ஆறு மாதத்தில் பேரலின் வெளிப்பக்கம் புள்ளி புள்ளியாகத் துரு. உறையில் போட்டுத்தானே வைத்திருந்தேன்?
— காசிமேடு வாசகர்

பதில்: உறைதான் காரணம். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு உப்புக் காற்றையும் உங்கள் கை வியர்வையையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவெல்லாம் இரும்பின் மேல் ஒத்தடம் கொடுக்கிறது. சுட்டு முடித்ததும் கை பட்ட இடம் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு லேசாக எண்ணெய் தொட்ட துணியால் மறுபடி துடையுங்கள். உறை எடுத்துப்போக மட்டும். வீட்டில் பூட்டிய அலமாரியில் நிற்கவைத்து, 200 கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஜெல் மணிகளின் நீலம் வெளிறினால் அடுப்பின் மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

பேரலின் உள்பக்கத்துக்கு வேறு முறை. இரும்புக் கம்பி, பித்தளைப் பிரஷ் எதுவும் வேண்டாம், வாய் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் குரூப் போய்விடும். ஃபெல்ட் துண்டுகளை மெல்லிய நைலான் கயிற்றில் கோத்துப் பின்பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக இழுங்கள். 500 முதல் 1,000 ஷாட்டுக்கு ஒருமுறை போதும். சுத்தம் செய்த உடனே போட்டிக்குப் போகாதீர்கள், பேரல் மறுபடி நிலைக்க 20 ஷாட்டாவது வேண்டும்.

கேள்வி: எங்கள் மொட்டை மாடி 12 மீட்டர் நீளம். அங்கே பயிற்சி செய்யலாமா? பக்கத்து மாடியில் புறாக் கூண்டு இருக்கிறது.
— ராயபுரம் வாசகர்

பதில்: திறந்த மாடியில் வேண்டாம். கைப்பிடிச் சுவருக்கு மேல் தவறிப்போன ஒரு குண்டு சில நூறு மீட்டர் போகும், யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. பந்தயப் புறா வளர்ப்பவர்களின் மாடிகள் சூழ்ந்த இடத்தில் ரைபிளோடு நிற்பதே தகராறுக்கு வழி. புறா, காகம், அணில் எதையும் குறிபார்த்துச் சுடுவது விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன்படி குற்றம் என்பதையும் வீட்டுப் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள்.

மாடியில் கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள பகுதி இருந்தால் செய்யலாம். சுடும் கோட்டிலிருந்து டார்கெட்டின் முகம் வரை 10 மீட்டர், டார்கெட் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர். டார்கெட்டுக்குப் பின்னால் ஒரு அடிச் சதுரப் பெட்டி. அதன் உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடு, மேல் ஓரம் உங்கள் பக்கம் சாய்ந்து 45 டிகிரியில். குண்டு தகட்டில் பட்டுக் கீழே தட்டில் விழ வேண்டும், திரும்பி வரக்கூடாது. தகட்டை நேராக நிறுத்தினால் ஈயத் துணுக்கு முகத்துக்கே வரும். பெட்டிக்குப் பின்னால் நான்கடிச் சதுரப் பிளைவுட், அதற்கும் பின்னால் செங்கல் சுவர். படிக்கட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்ட பிறகே குண்டு போடுங்கள். நடுவில் கதவோ வழியோ எதுவும் இருக்கக்கூடாது.

இடம் 5 மீட்டர்தான் என்றால் டார்கெட்டைச் சரிபாதி அளவில் அச்சிட்டுக்கொள்ளுங்கள், 30.5 மி.மீ. கருப்பு வட்டம் 15.25 ஆகிவிடும். குண்டே இல்லாமல், ரைபிளில் அதற்கென்று இருக்கும் டிரை-ஃபயர் வசதியோடு வெறும் சுவரைப் பார்த்துப் பிடித்துப் பழகுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கேள்வி: பெல்லட் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. துடைத்துப் பயன்படுத்தலாமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.
— கொளத்தூர் வாசகர்

பதில்: பயன்படுத்தாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். அது ஈயம் அரித்து வந்த பொடி, உடம்புக்குள் போனால் நஞ்சு. மிகக் குறைந்த அளவு உள்ளே போனாலே குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். டப்பாவை அப்படியே இரண்டு பாலிதீன் பையில் கட்டி, கிளப்பில் ஈயம் சேர்க்கும் டிரம்மில் போட்டுவிடுங்கள். வீட்டுக் குப்பையிலோ, உருக்கி வேறு வேலைக்கோ கூடாது.

இது ஏன் வந்தது என்றால், பெரும்பாலும் மர அலமாரி அல்லது அட்டைப் பெட்டி. பிளைவுட்டும் அட்டையும் விடும் அமில ஆவி, நம் ஈரக் காற்றோடு சேர்ந்து ஈயத்தை அரிக்கும். ஊறுகாய் ஜாடி இருக்கும் அலமாரியில் வைத்தாலும் இதே கதி. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் டப்பாவை வைத்து, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

நல்ல பெல்லட்டைத் தொட்ட கையும் கழுவ வேண்டிய கைதான். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். அதற்கு முன் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தொடாதீர்கள். குண்டை வாயில் கவ்விக்கொண்டு ரைபிளைத் திறக்கும் பழக்கம் சில பையன்களிடம் இருக்கிறது, கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு விழும் பெட்டியைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியையும் பையில் கட்டுங்கள். சுடும்போது போட்ட சட்டையோடு குழந்தையைத் தூக்காமல், மாற்றிவிட்டுத் தூக்குங்கள். அந்தச் சட்டையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.